ஜவ்வு அறுவைக்குப் பின் எம்.ஆர்.ஐ.: காட்டுவதும் காட்டாததும்

ஏ.சி.எல். எனப்படும் முன்சிலுவை ஜவ்வு நடுவில் அறுந்துபோனால், முனைகளைச் சேர்த்துத் தைப்பது பெரும்பாலும் நிலைப்பதில்லை. மூட்டுக்குள் ஊறும் நீர், காயத்தை மூட வேண்டிய இரத்தக்கட்டைத் தங்க விடாமல் கரைத்துவிடும். ஆகவே நோயாளியின் உடலிலிருந்தே வேறொரு நாணை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவது வழக்கமாயிற்று. தொடையின் பின்பக்கத்து ஹாம்ஸ்ட்ரிங் நாண்கள், முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டெல்லா நாண், சில்லுக்கு மேலே இருக்கும் குவாட்ரிசெப்ஸ் நாண் ஆகியவற்றுள் ஒன்றை எடுத்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் போட்ட துளைகளுக்குள் இழுத்து, திருகாணியாலோ பட்டனாலோ இறுக்குகிறார்கள். இந்த ஒட்டு நாணை மருத்துவமனைகளில் கிராஃப்ட் என்றே சொல்கிறார்கள். அறுவை முடிந்து 6 மாதமோ 9 மாதமோ ஆனதும், கபடி ஆடுபவரானாலும் கால்பந்து ஆடுபவரானாலும் கேட்பது இதைத்தான்: கிராஃப்ட் பிடித்துவிட்டதா, இறங்கி ஆடலாமா? எம்.ஆர்.ஐ. ஒன்றை எடுத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்ற எண்ணம் நோயாளிகளிடமும் பயிற்சியாளர்களிடமும், சில மருத்துவர்களிடமும்கூட இருக்கிறது. அந்தக் கேள்வியின் முதல் பாதிக்கு எம்.ஆர்.ஐ. அரைகுறையாகப் பதில் சொல்லும். இரண்டாம் பாதிக்கு அதனிடம் ஏறக்குறைய பதிலே இல்லை.

பொருத்திய அன்று கிராஃப்ட் வலுவானது. இளவயதினரின் இயல்பான ஏ.சி.எல். ஏறத்தாழ 2,160 நியூட்டன் இழுவிசையில் அறும் என்று சவ்யோ வூவின் குழு 1991இல் அளந்து சொன்னது. நான்கு மடிப்பாகக் கட்டிய ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்ட் ஆய்வகத்தில் 4,000 நியூட்டன் அளவுக்குத் தாங்குகிறது. இந்த உபரி வலு வெகுநாள் நிற்பதில்லை. இரத்த ஓட்டம் அறுபட்டு இடம் மாறிய நாணில் முதலில் செல்கள் மடிகின்றன. பிறகு சுற்றியுள்ள மூட்டு உறையிலிருந்து புதுச் செல்களும் நுண்ணிய இரத்தக்குழாய்களும் ஊடுருவுகின்றன. பழைய கொலாஜன் இழைகள் கலைந்து, மெல்லிய புது இழைகள் வந்து, மெதுவாக ஒரே திசையில் அடுக்குப்படுகின்றன. தசைநாணாக இருந்தது ஜவ்வின் தன்மைக்கு மாறும் இந்த நிகழ்வை முயல்களிடம் கண்டு, அமியலும் உடன் ஆய்வாளர்களும் 1986இல் ‘லிகமென்டைசேஷன்’ என்று பெயரிட்டார்கள். விலங்குகளில் கிராஃப்ட் ஆறு முதல் எட்டு வாரத்தில் மிகவும் நலிந்திருக்கிறது. அதன் பிறகும் பெரும்பாலும் இயல்பான ஜவ்வின் முழு வலுவை எட்டுவதில்லை. மனிதரில் அதே மாற்றம் இன்னும் மெதுவாக, ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை நடக்கிறது.

இதோடு சேர்ந்து இன்னொரு ஆறுதலும் நடக்க வேண்டும். எலும்புத் துளைக்குள் கிராஃப்ட் எலும்போடு பற்றிக்கொள்ள வேண்டும். பட்டெல்லா நாணின் இரு முனையிலும் எலும்புத் துண்டு இருப்பதால், முறிந்த எலும்பு கூடுவதைப் போல ஆறு முதல் எட்டு வாரத்தில் அது கூடிவிடும். வெறும் நாண் எலும்பைப் பற்றிக்கொள்ள எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். மூட்டின் நடுவே நடக்கும் ஆறுதலும் துளைக்குள் நடக்கும் ஆறுதலும் வேறு வேறு வேகத்தில் நகர்கின்றன. ஒரே ஸ்கேன் அறிக்கையில் ‘நன்கு ஆறியுள்ளது’ என்று எழுதினால் அது எந்த ஆறுதலைக் குறிக்கிறது என்பதே பல வேளைகளில் தெளிவாக இருப்பதில்லை.

எம்.ஆர்.ஐ.யில் தெரிவது நீரின் நடத்தை. இறுக்கமாக அடுக்கிய கொலாஜனுக்குள் சிக்கிய நீர், தன் சிக்னலை மிக வேகமாக இழந்துவிடுவதால், நல்ல தசைநாண் பெரும்பாலான படங்களில் கறுப்பாகத் தெரியும். இழைகள் தளர்ந்து நீர் கூடினாலோ புது இரத்தக்குழாய்கள் நுழைந்தாலோ அந்த இடம் சாம்பலாகவும் வெளுப்பாகவும் மாறும். ஆக, கிராஃப்ட் வெளுத்தால் உள்ளே மாற்றம் நடக்கிறது, மீண்டும் கறுத்தால் இழைகள் அடுக்குப்பட்டுவிட்டன என்று ஊகிக்க இடம் உண்டு. ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்டுகளில் இந்த வெளுப்பு ஆறாம் மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், ஓராண்டுக்கும் இரண்டாண்டுக்கும் இடையில் குறைவதைப் பல தொடர் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நுண்ணோக்கியில் கண்ட திசு மாற்றத்தின் போக்கோடு இது பொதுவாக ஒத்துப்போகிறது. கத்தியோ ஊசியோ இல்லாமல், ஒரே ஆளிடம் திரும்பத் திரும்ப எடுத்து இந்தப் போக்கைப் பின்தொடர முடிவது சிறிய காரியம் இல்லை. மூட்டுக்குள் கேமரா செலுத்தி ஒரு துணுக்கு வெட்டிப் பார்ப்பதுதான் மாற்று வழி. அந்தத் துணுக்கும் பெரும்பாலும் கிராஃப்டின் மேற்பரப்பிலிருந்து வருவது. மையத்தில் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது.

எம்.ஆர்.ஐ.யின் மெய்யான பலம், கிராஃப்டின் நிறத்தைவிட அதைச் சுற்றியுள்ள ஏற்பாட்டைக் காட்டுவதில் இருக்கிறது. பக்கவாட்டுப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டால், தொடை எலும்பின் இரு குமிழ்களுக்கு இடைப்பட்ட பள்ளத்தின் கூரை சாய்வான ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். கால் நீட்டிய நிலையில் அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால், கீழ்க்கால் எலும்பின் துளை முழுவதும் அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். துளை முன்தள்ளி இருந்தால், காலை நீட்டும்போதெல்லாம் கிராஃப்ட் கூரையில் இடிபடும். ஸ்டீபன் ஹவல் 1990களின் தொடக்கத்தில் இதைத்தான் காட்டினார். இடிபடும் கிராஃப்டின் கீழ்ப்பகுதி மூன்றில் இரண்டு பங்கு வெளுத்திருந்தது. இடிபடாதது கறுப்பாகவே இருந்தது. இப்படிப்பட்ட படம் நேரடியாகப் பயன்படும், ஏனென்றால் அது காரணத்தையே சுட்டுகிறது. துளை தவறான இடத்தில் விழுந்தது, கிராஃப்ட் செங்குத்தாக நின்றுவிட்டது, மெனிஸ்கஸ் என்ற மூட்டு வட்டு மறுபடி கிழிந்தது, குருத்தெலும்பு தேய்கிறது, திருகாணி இடம் பெயர்ந்தது, துளைக்குள் நீர்க்கட்டி தோன்றியது ஆகியவற்றில் எம்.ஆர்.ஐ.க்கு ஈடு குறைவு. காலை முழுதாக நீட்ட முடியாமல் நோயாளி திணறும்போது, கிராஃப்டின் முன்னால் உருண்டு நிற்கும் ‘சைக்ளாப்ஸ்’ என்ற நார்த்திசு முடிச்சை அது காட்டிக்கொடுக்கும். ஜாக்சனும் ஷேஃபரும் 1990இல் விவரித்த இந்த முடிச்சை அகற்றினால் கால் நீள்கிறது.

அதே முடிச்சு, எந்தத் தொந்தரவும் இல்லாத பலரிடமும் ஸ்கேனில் காணப்படுகிறது. கால் முழுதாக நீளும் ஒருவரின் அறிக்கையில் அந்தச் சொல் இடம்பெற்றதும், தேவையில்லாத கவலையும் சில வேளை தேவையில்லாத அறுவையும் தொடரலாம். படத்தைப் பார்ப்பதற்கு முன் காலைப் பார்க்க வேண்டும் என்ற எளிய ஒழுங்கு இங்கே அடிக்கடி தலைகீழாகிறது.

கிராஃப்ட் மீண்டும் முழுதாக அறுந்ததா என்ற கேள்விக்கு எம்.ஆர்.ஐ. ஓரளவு நம்பகமானது. இழை தொடர்ச்சியாக இல்லை, கிராஃப்ட் படுத்துவிட்டது, கீழ்க்கால் எலும்பு முன்னால் நகர்ந்திருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்தால் ஐயம் குறைவு. பாதி கிழிந்ததா என்ற கேள்வியில் நிலைமை வேறு. முதல் ஆண்டில் ஆறிக்கொண்டிருக்கும் கிராஃப்டும் வெளுப்பாக, சற்றே தடித்துத் தெரியும். பாதி கிழிந்ததும் அப்படியே தெரியும். நான்கு மடிப்பு ஹாம்ஸ்ட்ரிங்கின் இழைகளுக்கு இடையே நீர் புகுந்து நீளவாட்டில் வெள்ளைக் கோடுகள் விழுவது இயல்பு. அதைக் கிழிசல் என்று படிப்பது அனுபவம் குறைந்த கண்ணுக்கு நேரும் பிழை. எந்த நாண், எத்தனை மடிப்பு, அறுவை நடந்து எத்தனை மாதம் என்ற மூன்று விவரமும் இல்லாமல் ஸ்கேன் சென்டருக்கு வரும் சீட்டை வைத்து எழுதும் அறிக்கை பாதி ஊகம்தான்.

‘கறுத்தால் ஆறிவிட்டது’ என்ற சூத்திரத்தில் அடிப்படையான ஓர் ஓட்டை இருக்கிறது. அறுவை நடந்த மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தால் கிராஃப்ட் நல்ல கறுப்பாகத்தான் இருக்கும். செல்கள் மடியப் போகிற, இரத்த ஓட்டமே இல்லாத நாண் அது. இரண்டாண்டு கழித்து ஆறி முதிர்ந்த கிராஃப்டும் கறுப்பு. ஒரே ஒரு படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கறுப்பு என்பது தொடக்கமா முடிவா என்று நிறத்தால் மட்டும் சொல்ல முடியாது. போதாததற்கு, இயல்பான ஏ.சி.எல். முழுக் கறுப்பும் இல்லை. அதன் இழைக்கற்றைகளுக்கு இடையே கொழுப்பும் மென்திசுவும் இருப்பதால் பின்சிலுவை ஜவ்வைவிடச் சற்று வெளுத்தே தெரியும். ஹவலின் குழு 1995இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு முடிச்சையும் போட்டது. இடிபடாத ஹாம்ஸ்ட்ரிங் கிராஃப்டுகளில் இரண்டாண்டு வரை தொடர்ந்து பார்த்தும், மூட்டுக்குள் இருந்த பகுதியில் குறிப்பிடத்தக்க இரத்த ஓட்டம் எம்.ஆர்.ஐ.யில் தென்படவில்லை, சுற்றிலுமுள்ள மென்திசுவில்தான் இரத்த ஓட்டம் தெரிந்தது. கிராஃப்டுக்குள் இரத்தக்குழாய் புகுந்து, வெளுத்து, பிறகு கறுப்பதுதான் ஆறுதலின் பாதை என்ற கதை எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

நிறத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில் உள்ள தடுமாற்றத்தைத் தவிர்க்க எண்ணாக்கினார்கள். பரவலாகப் புழங்கும் எண் எஸ்.என்.க்யூ. கிராஃப்டின் சிக்னலிலிருந்து குவாட்ரிசெப்ஸ் நாணின் சிக்னலைக் கழித்து, காலுக்கு வெளியே உள்ள வெற்றிடத்தின் சிக்னலால் வகுத்தால் வருவது அது. எண் குறையக் குறைய கிராஃப்ட் முதிர்ந்தது என்று கொள்வார்கள். பார்வைக்கு அறிவியலின் உறுதி இருக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் உறுதி தளர்கிறது. கிராஃப்ட் 120, குவாட்ரிசெப்ஸ் 40, வெற்றிடம் 10 என்று வைத்தால் விடை 8. அதே கிராஃப்ட், அதே நாண், வெற்றிடம் மட்டும் 16 என்றால் விடை 5. காலில் எதுவுமே மாறவில்லை. காற்றின் இரைச்சல் மாறியதில் கிராஃப்ட் ‘முதிர்ந்துவிட்டது’. இன்றைய இயந்திரங்களில் பல காயில்களின் சிக்னலைச் சேர்த்து விரைவாகப் படம் எடுப்பதால், வெற்றிடத்து இரைச்சல் இடத்துக்கு இடம் வேறுபடும். சில மென்பொருள்கள் பின்னணியைத் துடைத்து ஏறக்குறைய பூஜ்யமாக்கிவிடும். பூஜ்யத்துக்குப் பக்கத்து எண்ணால் வகுத்தால் விடை எங்கோ பறக்கும். 1.5 டெஸ்லாவில் ஒரு முறையும் 3 டெஸ்லாவில் மறுமுறையும் எடுத்துவிட்டு இரண்டு எண்களையும் ஒப்பிட்டு ‘முன்னேற்றம்’ எழுதுவது பொருளற்றது. வெற்றிடத்துக்குப் பதில் பின்சிலுவை ஜவ்வோடு ஒப்பிடும் விகிதத்தைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது இந்த ஒரு சிக்கலைத் தவிர்க்கிறது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

மற்றவற்றில் முக்கியமானது கோணம். கொலாஜன் இழைகள் இயந்திரத்தின் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகையில் அமையும்போது, ஆரோக்கியமான நாணும் சில வகைப் படங்களில் போலியாக வெளுக்கும். கிராஃப்ட் சாய்வாகச் செல்லும் பொருள். தொடை எலும்பின் துளைக்குள் திரும்பும் இடத்தில் அதன் கோணம் மாறுகிறது. அங்கே தெரியும் வெளுப்பு ஆறாத திசுவா, வளைவின் அழுத்தமா, இந்தக் கோண மாயையா என்று பிரிப்பது கடினம். அளவிடும் வட்டத்தை எங்கே வைப்பது என்பதும் முடிவை மாற்றும். மேல்பகுதி, நடு, கீழ்ப்பகுதி என்று மூன்று இடத்தில் வைத்தால் மூன்று எண் வரும். ஓர் ஆய்வு நடுப்பகுதியை மட்டும் அளக்கிறது. இன்னொன்று மூன்றின் சராசரியை எடுக்கிறது. பிறகு இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்க்கிறார்கள். எஃகுத் திருகாணி இருந்தால் அதைச் சுற்றிப் படமே சிதைந்துபோகும். டைட்டானியத்தில் சிதைவு குறைவு, கரையும் திருகாணியில் இன்னும் குறைவு. ஆகவே எந்தத் திருகாணி போட்டார்கள் என்பதும் ‘ஆறுதலின்’ எண்ணுக்குள் நுழைந்துவிடுகிறது.

இவ்வளவு குறையும் இருக்க, சிக்னலுக்கும் வலுவுக்கும் உறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆன்ட்ரியாஸ் வைலரின் குழு 2001இல் வெளியிட்ட செம்மறியாட்டு ஆய்வு இதற்கு வலுவான சான்று. கிராஃப்ட் பொருத்திய ஆடுகளுக்கு இரண்டாண்டுக் காலத்தில் வெவ்வேறு கட்டங்களில் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், பிறகு கிராஃப்டை இழுத்து அறுத்து அளந்தார்கள். சிக்னல் கூடியவை எளிதில் அறுந்தன. எஸ்.என்.க்யூ.வைக் கையாளும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த முடிவையே தங்கள் அடித்தளமாகக் காட்டுகின்றன. அந்த அடித்தளத்தின் மேல் கட்டியதுதான் தாங்குமா என்பது ஐயம். ஆடு, அதற்கு வைத்த நாண், கொடுத்த கான்ட்ராஸ்ட் மருந்து ஆகிய எதுவும் இன்று மனிதருக்கு வழக்கமாக எடுக்கும் ஸ்கேனோடு பொருந்துவதில்லை. மனிதரின் கிராஃப்டை இழுத்து அறுத்துப் பார்க்க வழியில்லை. ஆகவே மனித ஆய்வுகள் சிக்னலை வலுவோடு ஒப்பிடாமல், நோயாளி நிரப்பும் கேள்வித்தாளோடும் மூட்டின் தளர்ச்சியை அளக்கும் கருவியோடும் ஒப்பிடுகின்றன. வான் டைக்கும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் இவற்றைத் திரட்டிப் பார்த்தபோது, ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாத முறைகளைக் கையாண்டதும், சிக்னலுக்கும் மருத்துவப் பரிசோதனை முடிவுகளுக்கும் உறுதியான தொடர்பு தென்படாததும் தெரியவந்தன.

அறுவை செய்யாமல் ஜவ்வு தானே கூடுகிறதா என்று பார்க்கும் அண்மை ஆய்வுகளிலும் இதே குழப்பம் எட்டிப் பார்க்கிறது. காலை 90 பாகையில் மடக்கிப் பட்டையில் வைத்திருக்கும் ஆஸ்திரேலிய முறையைப் பற்றி 2023இல் வெளியான கட்டுரையில், 80 பேரில் 90 விழுக்காட்டினருக்கு மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் ஆறியதற்கான அடையாளம் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த 90இல் 50 விழுக்காட்டினரின் ஜவ்வு தடித்தோ வெளுத்தோ தொடர்ச்சியாக இருந்தது. மீதி 40 விழுக்காட்டினரின் ஜவ்வு தொடர்ச்சியாக இருந்தாலும் மெலிந்தோ நீண்டோ போயிருந்தது. நீண்டுபோன ஜவ்வு படத்தில் இணைந்தே தெரியும். மூட்டைக் கட்டிப் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. முதல் வகையினரின் மூட்டு கூடுதல் நிலையாக இருந்ததை அந்தக் கட்டுரையே சொல்கிறது. செய்தித்தாள்களில் எஞ்சியது 90 என்ற எண் மட்டும்தான்.

ஆட்டத்துக்குத் திரும்பலாமா என்ற கேள்வியில் எம்.ஆர்.ஐ.யின் இடம் மிகச் சிறியது. 106 பேரைப் பின்தொடர்ந்து ஹெகே கிரின்டெமின் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் முழங்கால் மறுகாயம் 51 விழுக்காடு குறைந்தது. குவாட்ரிசெப்ஸ் தசையின் வலு இரு காலிலும் சமமாக வந்த பிறகு திரும்பியவர்களுக்கும் காயம் குறைவு. இந்தக் கணக்கில் ஸ்கேனுக்கு வேலையே இல்லை. நாட்காட்டியும், தசை வலுவை அளக்கும் கருவியும், ஒற்றைக் காலில் தாவச் செய்யும் சோதனையும் போதுமானவையாக இருந்தன. மறுகாயம் கிராஃப்டின் வலுவை மட்டும் பொறுத்ததும் இல்லை. இளவயது, குதித்து இறங்கும்போது முழங்கால் உள்நோக்கிச் சரிவது, தசை சோர்வு, ஆட்டத்தின் தன்மை எல்லாம் அதில் சேர்கின்றன. மறுகாயங்களில் கணிசமானவை அடிபடாத மறுகாலின் ஏ.சி.எல்.லில்தான் நேர்கின்றன, கிராஃப்டின் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவற்றைத் தடுக்காது.

சில ஆயிரம் ரூபாய் கொடுத்து எடுத்த படத்தில் ‘கிராஃப்ட் நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரியைப் பார்த்ததும், தொடைத் தசை இன்னும் மெலிந்திருக்கும் இளைஞர் ஆறாம் மாதத்திலேயே களத்தில் இறங்கினால், அந்த வரி உதவியதைவிடக் கெடுத்தது அதிகம். மறுபக்கம், மூட்டு உறுதியாக, தளர்ச்சியைக் கையால் அறியும் லாக்மன் பரிசோதனையில் இயல்பாக இருக்கும் ஒருவரின் கிராஃப்ட் சாம்பலாகத் தெரிகிறது என்பதற்காக மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வைப்பதும் நடக்கிறது. தொந்தரவு இல்லாதவருக்கு வழக்கமாக எம்.ஆர்.ஐ. எடுப்பதை நியாயப்படுத்தும் சான்று இன்றைக்கு இல்லை. வலி, வீக்கம், மூட்டு நழுவும் உணர்வு, நீட்ட முடியாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அதே ஸ்கேன் அவசியமானது.

துளை அகன்றுவிட்டதா என்று அளக்கவும் மறு அறுவைக்குத் திட்டமிடவும் சி.டி. ஸ்கேன்தான் துல்லியம். துளை 14 அல்லது 15 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால், முதலில் எலும்புத் துகளால் அடைத்து, ஆறிய பிறகு இரண்டாம் கட்டமாகப் புது கிராஃப்ட் வைப்பதைப் பல அறுவை நிபுணர்கள் விரும்புகிறார்கள். சாதாரண எக்ஸ்ரே, துளையும் திருகாணியும் எங்கே இருக்கின்றன என்பதைக் குறைந்த செலவில் சொல்லிவிடும். அல்ட்ராசவுண்டால் மூட்டின் ஆழத்திலுள்ள கிராஃப்டை ஒழுங்காகப் பார்க்க இயலாது.

எம்.ஆர்.ஐ.யின் குறைகளை அதன் உள்ளிருந்தே களையும் முயற்சிகளில் நம்பிக்கை தருவது டி2-ஸ்டார் அளவீடு. சாதாரணப் படத்தின் வெளுப்பு ஒப்பீட்டு அளவுதான். இயந்திரமும் அமைப்பும் மாறினால் மாறிவிடும். டி2-ஸ்டார், சிக்னல் எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதை மில்லிவினாடிகளில் அளக்கிறது. திசு சிக்னலை இழப்பதற்குள் படம் பிடிக்கும் மிகக் குறுகிய எக்கோ நேர முறைகள் வந்த பிறகு, முன்பு வெறும் கறுப்பாக இருந்த நாணுக்குள்ளும் வேறுபாடுகள் அளவுக்கு வந்தன. பிராடன் ஃப்ளெமிங், மார்த்தா மர்ரி ஆகியோரின் குழுக்கள் பன்றிகளில் செய்த ஆய்வுகளில், டி2-ஸ்டார் அளவும் ஆறிவரும் ஜவ்வின் கன அளவும் சேர்ந்தபோது, இழுத்து அறுக்கும் சோதனையின் முடிவை நன்றாகவே முன்கூட்டிச் சொல்ல முடிந்தது. கன அளவு சேர்ந்தது கவனிக்க வேண்டியது. மெலிந்த கிராஃப்ட் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் மெலிந்ததுதான் என்ற வெளிப்படையான உண்மைக்கு எஸ்.என்.க்யூ.வில் இடமே இருக்கவில்லை. இந்த முறைக்கும் கோண மாயை உண்டு, உலோகத்தின் அருகே அதுவும் தடுமாறும், ஸ்கேன் நேரமும் கூடும். கிராஃப்டின் எல்லையைக் கையால் வரைவதற்குப் பதில் கணினியே வரையும் மென்பொருள்கள், ஆளுக்கு ஆள் மாறும் அளவீட்டைக் குறைக்கின்றன. ஆனால் எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் ஆடலாம் என்ற எல்லைக்கோட்டை மனிதரில் யாரும் இன்னும் நிறுவவில்லை. அதற்கு ஒரே நெறியில் எடுத்த படங்களோடு பெரும் எண்ணிக்கையிலான ஆட்டக்காரர்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து, யாருக்குக் கிராஃப்ட் மறுபடி அறுந்தது என்று பார்க்க வேண்டும். அதுவரை அறிக்கையில் கிராஃப்ட் தொடர்ச்சியாக உள்ளதா, துளை சரியான இடத்தில் உள்ளதா, இடிபடுகிறதா, மெனிஸ்கஸும் குருத்தெலும்பும் எப்படி உள்ளன என்பவற்றை மட்டும் எழுதி, ‘முதிர்ந்தது’ என்ற சொல்லை விட்டுவிடும் கதிரியல் நிபுணரே பிசியோதெரபிஸ்டுக்கும் அறுவை நிபுணருக்கும் பயன்படுவார்.